பரணிலிருந்து இறங்கிய ஸ்பெக்ட்ரம்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

என் மேசை மேல் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அகலம் 23 சென்டிமீட்டர், தடிமன் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் அளவு. சாம்பல் நிற ரப்பர் விசைகள். வலது மூலையில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நாலு கோடு. வீட்டுக்கு வருகிறவர்கள் காபி ஆறுவதற்குள் அதைப் பற்றி முதல் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். இன்னொரு வகையினரும் உண்டு. அவர்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடக்கும். அதை மறுபடி ஓட வைக்க முடியுமா என்று ஃபோன் செய்வார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பதில்களைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி வைத்துவிட்டேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்கிறேன்: நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. கணக்கு எழுதுவது என் தொழில். இதில் உள்ள பாதி விஷயம் நான் எதையாவது எரித்த பிறகு கற்றுக்கொண்டது.

இது என்ன சார், பெரிய கால்குலேட்டரா?

கம்ப்யூட்டர்தான். பெயர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சின்க்ளேர் ரிசர்ச் 1982 ஏப்ரல் 23 அன்று அறிமுகப்படுத்தியது. 16கே நினைவகம் உள்ளது 125 பவுண்டு, 48கே உள்ளது 175 பவுண்டு. உள்ளே 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80 பிராசஸர். 48கே என்றால் 48 கிலோபைட். இப்போது நாம் அனுப்பும் ஒரு குட்மார்னிங் படமே அதைவிடப் பெரிது.

திரை கிடையாது, வீட்டு டிவியில் இணைக்க வேண்டும். டிஸ்க் கிடையாது, டேப் ரிக்கார்டரில் கேசட் போட வேண்டும். வன்பொருளை வடிவமைத்தவர் ரிச்சர்ட் ஆல்ட்வாசர், இந்த அழகான பெட்டிக்கு உருவம் தந்தவர் ரிக் டிக்கின்சன். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இருந்த டைமெக்ஸ் ஆலையில் செய்தார்கள்.

அந்த கேம் எல்லாம் ஃபோன்லயே ஓடுதே, எதுக்கு இந்த வேண்டாத வேலை?

ஓடும், நன்றாகவே ஓடும். விளையாட மட்டும்தான் ஆசை என்றால் எமுலேட்டர் போதும், அதாவது பழைய மெஷினைப் போல நடிக்கும் மென்பொருள். நானே ரயிலில் போகும்போது அதில்தான் விளையாடுகிறேன்.

பழுது பார்ப்பது வேறு ருசி. இந்தப் போர்டில் உள்ள ஒவ்வொரு உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், பெயர் உண்டு, வேலை உண்டு. எது கெட்டாலும் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு "நீதானா" என்று விரல் நீட்டிக் கேட்கலாம். என் லேப்டாப்பில் அப்படி எதையும் கேட்க முடியாது.

உங்க கைக்கு எப்படி வந்தது?

1985இல் மாமா லண்டனிலிருந்து லீவில் வந்தபோது வாங்கி வந்தார். நான் அப்போது ஆறாம் வகுப்பு. பெட்டியைப் பிரித்துப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தோம், ஆனால் ஓட்ட முடியவில்லை. ஸ்பெக்ட்ரமின் படம் யூஎச்எஃப் 36ஆம் சேனலில் வரும். எங்கள் வீட்டு கறுப்பு வெள்ளை டிவிக்கு வீஎச்எஃப் மட்டும்தான் தெரியும். கடைசியில் அடுத்த தெருவில் சிங்கப்பூர் டிவி வைத்திருந்த ஒரு வீட்டுக்கு ஞாயிறு மதியங்களில் தூக்கிக்கொண்டு போவேன். அவர்கள் வீட்டுக் குழந்தைகள் முதலில் விளையாடிய பிறகுதான் என் முறை.

நான் கல்லூரி போனபோது அது பரண் ஏறியது. வீடு வெள்ளையடிக்க 2009இல் பரணைக் காலி செய்தபோது, பித்தளைக் குத்துவிளக்குக்கும் பழைய கொலு பொம்மைகளுக்கும் நடுவிலிருந்து இறங்கியது.

இறக்கின உடனே ஆன் பண்ணினீங்களா? என்ன ஆச்சு?

பண்ணினேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு, பெரிய தப்பும் அதுதான். அடாப்டரைச் சொருகி டிவியைத் திருகினேன். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் வந்தன. சந்தோஷப்பட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வந்து சேர்வதற்குள் திரை ஒரே கறுப்பு. லேசாக ஒரு வாடை, மீன் வறுத்த மாதிரி.

சரியாக எழுந்தால் திரை ஒரு நொடி கறுத்து, பிறகு வெளுத்து, அடியில் © 1982 சின்க்ளேர் ரிசர்ச் லிமிடெட் என்று ஒரு வரி வரும். கறுப்பும் வெளுப்பும் நினைவகச் சோதனை நடப்பதன் அடையாளம். கட்டம் கட்டமாக நின்றுவிட்டால் சோதனை முடியவில்லை என்று அர்த்தம். அந்த வரியை மறுபடி பார்க்க எனக்கு ஆறு வருஷம் பிடித்தது.

தெருமுனை டிவி மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் வோல்ட்டேஜைச் சீராக வைக்கும் 7805 என்ற ரெகுலேட்டரை மாற்றிவிட்டு, "போர்டு போச்சு தம்பி" என்று திருப்பித் தந்தார். நானும் நம்பி 2014 வரை தொடவில்லை. அந்த வருஷம் வீட்டு இன்வெர்ட்டர் பிரச்சினைக்காக ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். கையில் மல்டிமீட்டர் இருந்தால் சும்மா இருக்க முடியுமா?

பழைய அடாப்டர் போயிடுச்சு. வைஃபை ரௌட்டர் அடாப்டரைச் சொருகலாமா?

சொருகாதீர்கள்! பின் உள்ளே போகும், அதுதான் ஆபத்தே. ஸ்பெக்ட்ரமுக்கு வேண்டியது 9 வோல்ட் டிசி, நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நடுவில் பிளஸ். திருப்பிக் கொடுத்தால் உள்ளே தடுக்க ஆள் இல்லை. அடாப்டர் மேல் ஒரு சிறு வட்டப் படம் இருக்கும், அதைப் பாருங்கள்; படத்தையும் நம்பாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

பழைய அடாப்டரை மீட்டரில் பார்த்தால் 12, 13 வோல்ட் காட்டும். பயப்பட வேண்டாம். அது உள்ளே ரெகுலேட்டர் இல்லாத பழைய ரகம். பாரம் ஏறினால் 9க்குப் பக்கத்தில் இறங்கும். புதிதாக வாங்குவதானால் 9 வோல்ட், 2 ஆம்பியர் ஸ்விட்சிங் அடாப்டர் வாங்கி, முனையை வெட்டி, துருவம் மாற்றிச் சேர்த்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். மேலே சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி "ஸ்பெக்ட்ரமுக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், வேறு யாராவது எதிலாவது சொருகிவிடக் கூடாதே.

மைனஸ் அஞ்சு வோல்ட்னு அடிக்கடி சொல்றீங்களே, அது என்ன?

இந்தக் கம்ப்யூட்டரில் அடிக்கடி கெட்டுப்போவதே அங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 48கேயில் கீழ்ப் பகுதியான 16கே நினைவகம் 4116 என்ற எட்டு ஐசிக்களில் (சில்லுகளில்) இருக்கிறது. இந்தக் காலத்து ஐசி மாதிரி ஒரே வோல்ட்டேஜ் அதற்குப் போதாது, மூன்று வேண்டும்: பிளஸ் 12, பிளஸ் 5, மைனஸ் 5. அடாப்டரிலிருந்து வருவது 9 மட்டும். 5 வோல்ட்டை 7805 தருகிறது. மற்ற இரண்டையும் ஒரு சின்னக் கம்பிச் சுருளும் டிஆர்4, டிஆர்5 என்ற இரண்டு டிரான்சிஸ்டரும் சேர்ந்து உண்டாக்குகின்றன.

மைனஸ் 5 நின்று மற்றவை மட்டும் ஓடினால் 4116 சூடாகிச் செத்துவிடும். டிஆர்4 போனால் மைனஸ் 5 போகும். மைனஸ் 5 போனால் ரேம், அதாவது அந்த நினைவக ஐசிக்கள், போகும். பல பெட்டிகளில் நடப்பது இதுதான், என்னுடையதிலும் இதுதான் நடந்தது. மெக்கானிக் மாற்றிய 7805 பாவம், அது நன்றாகத்தான் இருந்திருக்கும்.

சோதிப்பது சுலபம். மீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு 4116இல் தொடுங்கள். 1ஆம் காலில் மைனஸ் 5, 8ஆம் காலில் 12, 9ஆம் காலில் 5 வர வேண்டும். 16ஆம் கால் கிரவுண்ட். கை நடுங்கி முனை வழுக்கி 8ஐயும் 9ஐயும் சேர்த்துவிட்டால் அடுத்த கேள்விக்கு நேராகப் போய்விடுவீர்கள்.

டிஆர்4 மாத்தினேன், பத்து செகண்ட்ல மறுபடி எரிஞ்சுபோச்சு. ஏன்?

எனக்கும் எரிந்தது. ஒன்று இல்லை, இரண்டு. டிஆர்4 தானாகவும் போகும், ரேமில் ஷார்ட் இருந்தாலும் போகும். ஷார்ட்டைச் சரி செய்யாமல் புது டிரான்சிஸ்டர் போட்டால் அதையும் அந்த ரேம் தின்றுவிடும். அது இசட்டீஎக்ஸ்650 என்ற ரகம். இங்கே தேடிப் பிடிக்கவே ஒரு வாரம் ஆகும், பத்து செகண்டில் போனால் மனசு என்ன பாடுபடும் யோசித்துப் பாருங்கள்.

ஆகவே கரண்ட் இல்லாத நிலையில் முதலில் மீட்டரை ஓம்ஸில் (மின்தடை) வைத்து அளந்து பாருங்கள். 12 வோல்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும், மைனஸ் 5 காலுக்கும் கிரவுண்டுக்கும், அவை இரண்டுக்கும் நடுவிலும். சில ஓம் மட்டும் காட்டினால் எங்கோ ஷார்ட். எட்டு ஐசியும் ஒரே தடத்தில் தொங்குவதால் எது என்று மீட்டர் சொல்லாது. எனக்கு விரல் சொன்னது: இரண்டாவது டிரான்சிஸ்டர் எரிவதற்கு முன் எட்டு ஐசியையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்தேன், ஒன்று மட்டும் இட்லித் தட்டு மாதிரி சுட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. பின்பக்க இணைப்பில் கரண்ட் ஓடும்போதே எதையாவது சொருகினாலோ பிடுங்கினாலோ டிஆர்4 போகும். எப்போதும் அணைத்துவிட்டுத்தான் சொருக வேண்டும்.

எட்டு ஐசில எது கெட்டதுன்னு திரையைப் பார்த்தே சொல்ல முடியுமாமே?

பல சமயம் முடியும், இந்த மெஷினில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான். திரையில் தெரியும் படம் முழுக்க அந்தக் கீழ் 16கேயில்தான் இருக்கிறது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். எட்டு ஐசியில் ஆளுக்கு ஒரு பிட். திரையிலும் ஒரு பைட் என்றால் பக்கம் பக்கமாக எட்டுப் புள்ளி. ஆகவே ஒரு ஐசி செத்தால் ஒவ்வோர் எட்டுப் புள்ளியிலும் ஒரே இடத்துப் புள்ளி மட்டும் அடம் பிடிக்கும்.

சூடான ஐசியை எடுத்து, மூன்றாவது டிஆர்4 போட்டு ஆன் செய்தபோது டிவியில் மெல்லிய நெட்டுக்குத்துக் கோடுகள் வந்தன. தீக்குச்சியால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். 32. திரை அகலம் 256 புள்ளி, எட்டால் வகுத்தால் 32. கோடு எட்டில் எத்தனையாவது புள்ளி என்று பார்த்து, சர்க்யூட் படத்தில் அந்த பிட்டுக்கு உரிய ஐசியைத் தேடினேன். நான் எடுத்துவிட்ட ஐசியின் இடம்தான் அது! காலி சாக்கெட்டில் வேறு ஒன்றை வைத்ததும் கோடு மறைந்தது. அப்புறம் வேறு இடத்தில் ஒரு கோடு மட்டும் நின்றது. அது இரண்டாவது கெட்ட ஐசி. ஆக மொத்தம் எட்டில் இரண்டு.

ஐசியை எடுக்கும்போது போர்டுல கோடு பிய்ஞ்சு வந்துடுச்சு. எல்லாம் போச்சா?

போகவில்லை. தடம் அறுந்த இரண்டு புள்ளியையும் மெல்லிய வயரால் சேர்த்துவிட்டால் மின்சாரத்துக்கு வித்தியாசம் தெரியாது. என் போர்டின் அடியில் மூன்று நீல வயர் ஓடுகிறது. அசிங்கமாக இருந்தாலும் வேலை செய்கிறது.

பிய்வதற்குக் காரணம், ஐசியை முழுசாகக் காப்பாற்ற நினைப்பது. செத்த ஐசி மேல் என்ன கருணை? கால்களைச் சின்னக் கட்டரால் உடம்போடு ஒட்ட வெட்டிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு காலாகச் சூடு காட்டிச் சாமணத்தால் இழுத்தால் வந்துவிடும். துளையில் மிஞ்சிய ஈயத்தைப் புது ஈயம் கொஞ்சம் சேர்த்து உருக்கிப் பம்ப்பால் உறிஞ்சுங்கள். பழைய ஈயம் தனியாக எளிதில் உருகாது. எடுத்த இடத்தில் நேராகப் புது ஐசியை வைக்காமல் சாக்கெட் வையுங்கள்.

மேல் 32கேல ஒரு ஐசி மாத்தினேன். புதுசுதான், ஆனாலும் வேலை செய்யல. ஏன்?

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 48கேயில் மிச்சமுள்ள மேல் 32கேக்கு சின்க்ளேர் பயன்படுத்தியவை உண்மையில் 64கே ஐசிக்கள். சோதனையில் ஒரு பாதி தேறாமல் போனவை. நல்ல பாதியை மட்டும் வைத்து 32கே என்று மலிவாக விற்றார்கள், சின்க்ளேர் வாங்கினார். காய்கறிக் கடையில் பாதி அழுகிய பூசணியை வெட்டி நல்ல பாதியை விற்பது போல. எட்டு ஐசியிலும் ஒரே பக்கத்துப் பாதி நல்லதாக இருக்க வேண்டும். எந்தப் பாதி என்று போர்டில் ஒரு ஜம்பர் சொல்லும். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 4532 ஐசியில் பெயரின் கடைசியில் 3 அல்லது 4 என்று இருக்கும். அதுதான் பாதியின் அடையாளம். நீங்கள் எதிர்ப் பாதியைப் போட்டிருக்கலாம்.

இரண்டு பாதியும் நன்றாக உள்ள 4164 போட்டால் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் 4164ஐக் கீழ் வரிசைச் சாக்கெட்டில் போட்டுவிடாதீர்கள். அங்கே 8ஆம் காலில் 12 வோல்ட் என்று மேலே சொன்னேன். 4164 அந்தக் காலில் எதிர்பார்ப்பது 5.

மொத்தம் 48கேயும் வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733 என்று அடியுங்கள். 65535 வந்தால் முழுசு. 32767 வந்தால் மெஷின் தன்னை 16கே என்று நினைத்துக்கொண்டிருக்கிறது; மேல் வரிசையைப் பாருங்கள். வேறு ஏதாவது எண் வந்தால் சோதனை அந்த இடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறது.

கெப்பாசிட்டர் எல்லாத்தையும் மாத்தியே ஆகணுமா?

இதைப் பற்றி ஆர்வலர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. வேலை செய்வதைத் தொடாதே என்பது பொதுவாக என் கட்சி. ஆனால் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் மட்டும் விதிவிலக்கு. உள்ளே ஈரப்பசை உள்ள சாமான் அது. நாற்பது வருஷத்தில் காயும், அல்லது கசியும். பரண் சூட்டில் கிடந்தது என்றால் கேட்கவே வேண்டாம். எண்ணிக்கையும் ஒரு டஜன் பக்கம்தான், பெரும்பாலும் 22 மைக்ரோஃபாரட், 1 மைக்ரோஃபாரட். 2020 ஊரடங்கில் ஒரு மதியம் உட்கார்ந்து முடித்தேன்.

கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் மைனஸ் மாற்றி வைத்தால் வெடிக்கும். பட்டாசு அளவுக்கு இல்லை, அப்பளம் அளவுக்கு.

அந்த 7805 சூடாகுதே, பரவாயில்லையா?

அதன் வேலையே அதுதான். 9க்கும் 5க்கும் நடுவில் உள்ள மிச்சத்தை வெறும் சூடாகக் கொட்டுகிறது. அதற்குத்தான் பெரிய அலுமினியத் தகடு. இங்கிலாந்துக் குளிரில் அது யாருக்கும் குறையாகத் தெரிந்திருக்காது. சென்னை மே மாதத்தில் விசைகளே வெதுவெதுப்பாகிவிடும். அதே மூன்று காலில் பொருந்தும் ஸ்விட்சிங் ரெகுலேட்டர் கிடைக்கிறது, சூடே ஆகாது. நான் மாற்றிவிட்டேன்.

டிவில படமே வரலை. புது எல்ஈடி டிவி. என்ன பண்றது?

ஆன்டெனா ஓட்டையில் சொருகி 36ஆம் சேனலைத் தேடும் பழைய வழி, அனலாக் ட்யூனர் உள்ள டிவியில் இன்னும் நடக்கும். எங்கள் பழைய குண்டு டிவி 2016இல் கண்ணை மூடியபோது நான் காம்போசிட் வழிக்கு மாறினேன். படத்தை டிவி சேனல் சிக்னலாக மாற்றும் மாடுலேட்டர் தகரப் பெட்டி போல இருக்கும்; அதற்குள் போகும் வீடியோ சிக்னலை உள்ளே விடாமல் நேராக வெளியே எடுப்பதுதான் இந்த வழி. அது மஞ்சள் ஆர்சிஏ ஒயரில் டிவிக்குப் போகும். ஓட்டை போடத் தேவையில்லை, ஏற்கெனவே உள்ள இணைப்பையே பயன்படுத்தலாம். எழுத்துகள் அப்படியே பளிச்சென்று ஆகும்.

சில எல்ஈடி டிவிகள் இதையும் மறுக்கும். ஸ்பெக்ட்ரம் தரும் படம் பிஏஎல் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையின் இலக்கணப்படி முழுசாக இருக்காது. ஒரு படத்துக்கு 312 வரி, நொடிக்கு ஐம்பதை விட ஒரு துளி அதிகம். கண்டிப்பான டிவி "சிக்னல் இல்லை" என்று சொல்லிவிடும். வாங்கும் முன் கடையிலேயே ஸ்பெக்ட்ரமை வைத்துப் பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள். பார்த்தேன். ஆமாம், டிவியிலிருந்து சத்தம் வராது. ஸ்பீக்கர் கீபோர்டுக்கு அடியில் இருக்கிறது.

பாதி கீ வேலை செய்யல. ரப்பரை மாத்தணுமா?

ரப்பர் பாவம், அதற்கு எதுவும் ஆகாது. பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவினால் புதுசு போல வரும். கெடுவது அதன் அடியில் உள்ள மெம்பிரேன் என்ற பிளாஸ்டிக் தாள். அதன் வால் இரண்டு போர்டில் சொருகியிருக்கும், ஒன்றில் எட்டுக் கோடு, மற்றதில் ஐந்து. எட்டு ஐந்து நாற்பது, விசையும் நாற்பது. காய்ந்த வால் மடியும் இடத்தில் முறியும். ஐந்து விசை சேர்ந்து போனால் எட்டுக்கோட்டு வாலில் ஒன்று முறிந்திருக்கிறது. எட்டு விசை சேர்ந்து போனால் மற்ற வால்.

2017இல் எனக்குக் க்யூ முதல் டீ வரை ஐந்து போயின. ஸ்பெக்ட்ரமில் ஒரு விசைக்கு ஒரு கட்டளை. ஆர் விசை அழுத்தினால் ரன். புரோகிராம் எழுதலாம், ஓட்ட முடியாது! ஜி விசையில் கோ டூ இருந்ததால் கோ டூ 10 என்று சொல்லி மூன்று மாதம் சமாளித்தேன். புது மெம்பிரேன் இன்றும் செய்து விற்கிறார்கள். அதைப் போட மேலே உள்ள உலோகத் தகட்டை எடுக்க வேண்டும், அது பசை டேப்பில் ஒட்டியிருக்கும். ஹேர் டிரையரால் சூடு காட்டி, நூல் விட்டு மெதுவாக அறுங்கள். நான் கத்தி வைத்து நெம்பினேன். தகட்டின் இடது மூலையில் அந்த மடிப்பு இன்னும் இருக்கிறது.

கேசட் எல்லாம் பூஞ்சை பிடிச்சுப்போச்சு. புரோகிராமை எப்படி லோட் பண்றது?

ஃபோனில் ஆடியோ ஃபைலாக வைத்து ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து இயர் என்ற ஓட்டைக்கு ஒயர் போடுங்கள். சத்தம் ஏறக்குறைய முழுசாக இருக்க வேண்டும். திரை ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் அகலக் கோடாக ஓடினால் சிக்னல் பிடித்துவிட்டது. பிறகு நீலமும் மஞ்சளும் பொடிப் பொடியாக ஓடினால் டேட்டா வருகிறது. ஒரு 48கே விளையாட்டு ஏற ஐந்து நிமிஷம் பக்கம் ஆகும். நாலரை நிமிஷத்தில் குடும்ப குரூப்பில் யாராவது பூ படம் அனுப்புவார்கள், ஃபோன் டிங் என்னும், டேப் லோடிங் எரர் என்று வரும். ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

அவசரக்காரர்களுக்கு டிவ்எம்எம்சி என்ற எஸ்டி கார்டு இணைப்பு உண்டு, பின்னால் சொருகினால் கண் இமைப்பதற்குள் ஏறும். என்னிடமும் இருக்கிறது. ஆனால் விருந்தாளி வந்தால் ஃபோன் வழியாகத்தான் ஏற்றிக் காட்டுவேன். அந்தக் கீச்சுச் சத்தம் இல்லாமல் என்ன ஸ்பெக்ட்ரம்?

இதுல தமிழ் வருமா?

நீங்களே வரைந்தால் வரும். எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் 21 எழுத்துகளை நாமே உருவாக்கிக்கொள்ள அதில் இடம் உண்டு. 1986 கோடை விடுமுறையில் கணக்கு நோட்டில் கட்டம் போட்டு அ, ப, ட எல்லாம் வரைந்து, ஒவ்வொரு வரியையும் பைனரியாக அடித்தேன். ட, ப இரண்டும் லட்டு மாதிரி வந்தன, இரண்டு கோடு மூன்று கோடு அவ்வளவுதான். ண தான் அழ வைத்தது. எட்டுப் புள்ளியில் அத்தனை சுழி அடங்காது. கடைசியில் ணவுக்கு மட்டும் இரண்டு கட்டம் ஒதுக்கினேன். உயிரும் மெய்யும் சேர்ந்தாலே முப்பது, இடமோ 21. ஆகவே என் பெயரும் அப்பா பெயரும் எழுதத் தேவையான எழுத்துகளோடு நிறுத்திக்கொண்டேன்.

முழு எழுத்துருவையே மாற்றும் வழி இருப்பது பிறகுதான் தெரிந்தது: 23606ஆம் முகவரியில் எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்ற குறிப்பு இருக்கிறது, அதை மாற்றினால் 96 எழுத்து கிடைக்கும். கெப்பாசிட்டர் மாற்றி முடித்த அதே 2020இல் அதையும் செய்து பார்த்தேன்.

யூஎல்ஏ போச்சுன்னா மெஷின் குப்பைதான்னு சொல்றாங்களே?

முன்பு அப்படித்தான். திரை, கீபோர்டு, கேசட், சத்தம் எல்லாவற்றையும் கவனிக்கும் அந்த ஒற்றை ஐசியை ஃபெராண்டி நிறுவனம் சின்க்ளேருக்கென்றே செய்தது, கடையில் கிடைக்கும் ரகம் இல்லை. இப்போது ஆர்வலர்கள் அதன் உள் அமைப்பை அலசிப் புரிந்துகொண்டு, நவீன உறுப்புகளில் மாற்று செய்து விற்கிறார்கள். என்னுடையது இன்னும் அசல்தான். மாற்று ஒன்றை 2022இல் வாங்கி டிராயரில் வைத்திருக்கிறேன்.

யூஎல்ஏவின் முதல் பதிப்பிலேயே ஒரு பிழை இருந்தது. அதைச் சரிக்கட்ட முதல் ரகப் போர்டுகளில் ஒரு குட்டி ஐசியைத் தலைகீழாகக் கால் மேலே தெரிய வைத்து ஒட்டினார்கள். அதற்குச் "செத்த கரப்பான்" என்றே பெயர். என்னுடையது பிந்தைய போர்டு, அதில் கிடையாது. நிஜக் கரப்பான் ஒன்று மட்டும் இருந்தது.

எங்க ஸ்கூல்ல இருந்ததும் இதுதானா?

1980களில் பள்ளியில் பார்த்தீர்கள் என்றால் அது பெரும்பாலும் பிபிசி மைக்ரோ. மத்திய அரசின் "கிளாஸ்" என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் 1984-85இலிருந்து பள்ளிகளுக்கு வந்தது. ஏகார்ன் நிறுவனத்துடையது, பிராசஸரே வேறு. ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்ற பிந்தைய மாடலை டெசிபெல்ஸ் என்ற இந்திய நிறுவனம் உரிமம் வாங்கி இங்கே விற்றது. அது கையில் இருந்தால் இங்கே சொன்ன பெரும்பாலானவை பொருந்தும். பிபிசிக்குப் பொருந்தாது. அதன் பவர் சப்ளை பெட்டிக்கு உள்ளேயே வீட்டு மின்சாரத்தில் ஓடும், அதில் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர் பழசானால் வீடு முழுக்கப் புகை விடும். முதலில் அதை மாற்றாமல் சொருகாதீர்கள்.

இத்தனை மாத்தின பிறகும் இதை ஒரிஜினல்னு சொல்லலாமா?

விற்பதாக இருந்தால் சொல்லக் கூடாது. பட்டியல் இதுதான்: போர்டு, இசட்80, யூஎல்ஏ, ரோம் (அழியாத நினைவக ஐசி), கீழ் வரிசையில் ஆறு ரேம், மேல் வரிசையில் ஏழு, ரப்பர், தகடு, பெட்டி ஆகியவை பழசு. மற்றதெல்லாம் வந்து சேர்ந்தது. கழற்றிய எதையும் எறியவில்லை. எரிந்த மூன்று டிஆர்4 உட்பட எல்லாம் ஒரு மூக்குப்பொடி டப்பாவில் தேதி போட்டு இருக்கிறது. மாமா ஊருக்கு வந்தபோது கம்ப்யூட்டரை விட அந்த டப்பாவைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

எங்க தாத்தா வீட்டுப் பரண்ல ஒண்ணு கிடக்கு. இன்னைக்கு ராத்திரி ஆன் பண்ணிப் பார்க்கட்டுமா?

வேண்டாம். நாலாவது கேள்வியை இன்னொரு தரம் படியுங்கள். அடாப்டரை மட்டும் தனியாக எடுத்து மீட்டர் வைத்துப் பாருங்கள். பிறகு அடியில் உள்ள ஐந்து திருகைக் கழற்றி, மேல் மூடியை மெதுவாக, மெம்பிரேன் வால் இழுபடாமல் தூக்குங்கள். தூசியைத் தட்டி, ஷார்ட் இருக்கிறதா என்று டிஆர்4 பதிலில் சொன்னபடி ஓம்ஸ் பாருங்கள். உங்களிடம் மீட்டர் இல்லை என்றால் ஞாயிறு காலை கொண்டு வாருங்கள், என்னிடம் இப்போது இரண்டு இருக்கிறது.